பின்சக்கரத்தைப் பார்க்க ஓர் ஆள்

வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிற மனிதனுக்கு ஒரு நாளாவது நேராகப் போகவேண்டும் என்று ஆசை வராதா? லிஃப்ட்காரருக்கு வந்தது. நகரத்தின் பாதி அடுக்குமாடிகளில் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே வெலவெலத்து நிற்பவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று சொல்வது அவர் பிழைப்பு.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமானம் இறங்குவதை எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ஓடுதளம் ஒன்றில் கார்ப் பந்தயம் நடக்கும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரம் நேராகப் பறக்கும். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்கிறவர்கள் உண்டு. தூண்டிலைப் போட்டுவிட்டு நாளெல்லாம் குளத்தையே முறைத்துக்கொண்டிருப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. லிஃப்ட்காரர் என்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் வந்துவிடும்.

அவர் ஓட்டும் கார் அப்பாவுடையது. அப்பா அதை வாடகைக்கு ஓட்டித்தான் மகனையும் மகளையும் ஆளாக்கினார். கண்ணை மூடுவதற்கு முன்னால், "வண்டி ரெண்டு பேருக்கும் பொது" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலமாக இருந்தால் நடுவில் வேலி போட்டுக்கொள்ளலாம். காரை என்ன செய்வது? அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசிச் சிரித்து ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். இன்ஜினும் ஸ்டீயரிங்கும் உள்ள முன்பாதி அண்ணனுக்கு. பின்சக்கரம் இரண்டு, அவற்றை இணைக்கும் ஆக்சில், பின் சீட்டு எல்லாம் உள்ள பின்பாதி தங்கைக்கு. ஒருவர் பாதியில் மற்றவர் கேட்காமல் கை வைக்கக்கூடாது. விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் இரண்டு பேரும் அதை வேதவாக்காகக் கடைப்பிடித்தார்கள்.

அந்தப் பிரிவினைக்கு ஒரு காரணமும் இருந்தது. இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்குத் தன் பின்சக்கரம் என்ன செய்கிறது என்று தெரியாது. கிளச்சை விட்டதும் இன்ஜினின் மொத்த பலமும் பின்சக்கரத்தில் போய் இறங்குகிறது. டயர் தரையைக் கவ்விக்கொண்டால் கார் பாயும். கவ்வாமல் பந்து மாதிரி தத்தினால், என்ன இன்ஜின் வைத்திருந்தும் புகைதான் மிச்சம். அது நடப்பதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். ஆகவே யாராவது காருக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்துச் சொல்லவேண்டும்.

தங்கைக்கு அதற்கென்றே செய்த கண். ஆஸ்பத்திரியில் முட்டி தேய்ந்தவர்களுக்கும் இடுப்பு உடைந்தவர்களுக்கும் நடை பழக்குவது அவள் வேலை. ஒருவர் வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதற்குள் எந்தக் காலில் பாரம் போடப் பயப்படுகிறார் என்று சொல்லிவிடுவாள். காரையும் அப்படித்தான் பார்த்தாள்.

"வலது டயர் தரையில நிக்கலண்ணா. ரெண்டு தடவை தத்திட்டு அப்புறம்தான் பிடிக்குது."

"எனக்கு அப்படித் தெரியலையே."

"நீ முன்னாடி பாத்துட்டு இருந்தா எப்படித் தெரியும்?"

அவள் சொன்ன பக்கம் சரிசெய்தால் அடுத்த ஓட்டத்தில் கார் நேராகப் போகும். அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் அவருக்கு உண்மையிலேயே பிடித்தது பந்தயம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற நேரம்தான். பந்தயக் கார் என்றாலும் நம்பர் பிளேட்டோடு ரோட்டில் போகிற கார் அது. திரும்பும்போது தங்கை ஓட்டுவாள். லிஃப்ட்காரர் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். முன்னாலிருந்து அவள் ஏதாவது பேசிக்கொண்டே வருவாள்: அண்ணி தன்னிடம் போட்ட சண்டை, ஆஸ்பத்திரியில் ஊன்றுகோலை வீசி அடித்த கிழவர், எதுவானாலும். பாதியிலேயே அவர் தூங்கிப்போவார். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் கட்டிலில் ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு தங்கைக்குக் கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கணவனோடும் பையனோடும் புறப்பட்டாள். "ரெண்டே வருஷம்ணா. வந்ததும் ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியைத்தான் எடுத்துட்டு வரணும். நான்தான் ஓட்டுவேன்" என்றாள். இரண்டு வருடம் மூன்றானது, மூன்று ஐந்தானது. லிஃப்ட்காரர் போனில் பேசும் ஒவ்வொரு முறையும் "எப்ப வரே?" என்று கேட்பார். "பாக்கணும்ணா" என்பாள். அந்தப் 'பாக்கணும்' வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் போன வருத்தத்தில் அவர் இன்ஜினை மாற்றினார். சிலர் தாடி வளர்ப்பார்கள், இவருக்கு இது. முன்பாதி அவருடையதுதானே, யாரைக் கேட்கவேண்டும்? முன்னைவிட இரண்டு மடங்கு பலமுள்ள இன்ஜின் வந்து உட்கார்ந்தது. பின்னால் இருந்ததோ அப்பா காலத்து லீஃப் ஸ்பிரிங், எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த சாதுவான ஸ்பிரிங். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போய்வர அது போதும். இந்த முரட்டு இன்ஜினின் உதையை அது எப்படித் தாங்கும்? கிளச்சை விட்டதும் ஆக்சில் திருகிக்கொண்டது, பட்டைகள் பாம்பாய் வளைந்தன, டயர்கள் தடதடவென்று குதித்தன. அவருடைய பல் கடகடவென்று ஆடியது.

பொறுக்கமுடியாமல் ஒரு தப்புக் காரியம் செய்தார். தங்கையிடம் கேட்காமல் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகினார். விறைப்பாக்கினால் அடங்கிவிடும் என்று நினைப்பு. விறைப்பானது ஸ்பிரிங் மட்டுமல்ல, காருக்கே முறைப்பு வந்துவிட்டது. அடுத்த ஓட்டத்தில் பின்பக்கம் ஒரேயடியாக விலகி, ஓரத் தடுப்பை உரசாத குறையாக நின்றது. இறங்கியபோது அவருக்குப் பயத்தைவிடக் குற்றவுணர்ச்சிதான் அதிகம். அடுத்தவள் பங்கில் திருட்டுத்தனமாகக் கை வைத்ததற்கு நல்லாய்க் கிடைத்தது என்று தன்னையே திட்டிக்கொண்டு அன்றே பட்டைகளைப் பிடுங்கிப் போட்டார்.

தங்கைக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று அதன்பிறகுதான் தோன்றியது. எடுக்கிற பொறுப்பு மனைவிக்கு. "சக்கரத்தை எடு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வீடியோவைப் பார்த்தால் சக்கரமே இல்லை. கண்ணாடிக்குள் ஹெல்மெட் போட்ட அவர் தலை, அவர் தோள், கார் தூரத்தில் போய் மறையும்வரை மறுபடி அவர் தலை.

"உன்னை என்ன எடுக்கச் சொன்னேன்?"

"அங்க தடதடன்னு குதிக்குது, உள்ள நீங்க இருக்கீங்க. நான் டயரையா பாத்துட்டு இருப்பேன்?"

அந்த வீடியோவை அவர் தங்கைக்கு அனுப்பவில்லை.

கடைசியில் காரை வெல்டரின் கொட்டகைக்குக் கொண்டுபோனார். வெல்டர் பழைய கூட்டாளி, அவரும் பந்தயப் பைத்தியம். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, புழுதியோடு எழுந்து வந்தார்.

"இங்க பாருய்யா லிஃப்ட்டு, மூணு வழி இருக்கு. ஒண்ணு, டிராக்ஷன் பார். இருக்கற ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு கம்பி, அதோட முனையில ரப்பர். ஸ்பிரிங் முறுக்கிக்கப் பாத்தா ரப்பர் போய் முட்டி நிறுத்தும். ஒரே நாள்ல மாட்டிடலாம், வண்டியில எதையும் வெட்ட வேண்டாம். ஆனா நீ வெச்சிருக்கற இன்ஜினுக்கு அது பத்தாது."

"ரெண்டாவது?"

"லேடர் பார். ஏணி மாதிரி ரெண்டு. ஆக்சிலோட சேத்து வெல்டு வெச்சுடணும். நேராப் போறதுக்கு நல்லாருக்கும். தெருவுல திரும்பறப்ப முரண்டு பிடிக்கும்."

"மூணாவது?"

"ஃபோர் லிங்க். மேல ரெண்டு பார், கீழ ரெண்டு பார். மாட்டற இடத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஓட்டை இருக்கும். எந்த ஓட்டையில மாட்டறியோ அதுக்குத் தகுந்த மாதிரி டயரை அழுத்தும். உன் வண்டிக்கு அதுதான் சரி. ஆனா தரையை வெட்டணும், பின் சீட்டு போயிடும். அப்புறம் அது ரோட்டுல ஓட்டற வண்டி இல்ல, டிரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டுபோகணும். என்ன சொல்றே?"

லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். "கேட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்?"

"பின்பாதிக்காரியை."

வீட்டில் மனைவி சிரித்தாள். "அவளைக் கேக்காம ஒரு நட்டு கழட்ட மாட்டீங்களே! நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியாவது என்னைப் பத்தி அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ம்? என்ன சொன்னா?"

"நடை நல்லாருக்குன்னா."

மனைவிக்கு அது புகழ்ச்சியா இல்லையா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அவருடைய மதிய வேளை தங்கைக்கு விடிகாலை. ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து அவளை வீடியோவில் கூப்பிட்டார். இது வெறும் ஸ்பிரிங் விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும். சீட்டை எடுக்காதே, நான் வந்து ஓட்டவேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பந்தயமாவது ஒன்றாவது, இன்னும் பத்து வருடம் தத்திக்கொண்டே தோற்பதற்கு அவர் தயார். அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிடவேண்டும் என்றுதான் சுற்றி வளைத்துப் பேசினார்.

"தரையில டயர் தடம் எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டாள். கையில் தேநீர்க் கோப்பை, தலை இன்னும் வாரவில்லை.

"இடது பக்கம் ஒரே கோடா கருப்பா இருக்கு. வலது பக்கம் விட்டு விட்டு இருக்கு."

"அப்ப வலதுதான் தத்துது. ஆக்சில் நல்லா முறுக்கிக்குது."

"டிராக்ஷன் பாரே போதும்னு பாக்கறேம்மா. எதையும் வெட்ட வேண்டாம். வண்டி வண்டியா இருக்கும்."

"பத்தாதுண்ணா. உனக்கே தெரியும். ஃபோர் லிங்க் போடு."

"அதுக்குத் தரையை வெட்டணும்."

"வெட்டு."

"சீட்டு போயிடும்மா."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "போகட்டும்ணா. நாங்க இங்கயே இருந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டோம். பையன் ஸ்கூல்ல ஒட்டிக்கிட்டான். இவருக்கும் வேலை நல்லாருக்கு. எனக்குமே... போன மாசமே சொல்லணும்னு நினைச்சேன். நீ ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கைப் பத்தியே பேசினே. எனக்கு வாய் வரல."

அவருக்குப் பின்னால் மோட்டார் சுற்றியது. யாரோ எந்த மாடியிலோ பொத்தானை அமுக்கியிருந்தார்கள். வருத்தப்படாதே என்று அவளுக்குச் சொல்லவேண்டும், சந்தோஷம்மா என்று சொல்லவேண்டும், ஏன்டி இப்படிப் பண்ணினே என்று கத்தவும் வேண்டும். 

"மேல் பாரை எந்த ஓட்டையில மாட்டறது?" என்று கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நடு ஓட்டையில ஆரம்பி."

வெட்டுகிற அன்று சீட்டை அவரே கழற்றினார். அடியில் நெஞ்சை உருக்கும் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. புழுதி, இரண்டு ஸ்க்ரூ, எப்போதோ காய்ந்துபோன ஆரஞ்சுத் தோல், அவ்வளவுதான். வெல்டர் கட்டரை வைத்ததும் தீப்பொறி பறந்தது. லிஃப்ட்காரர் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். ஒரு துண்டு இரும்புக்காக இந்த வயதில் இப்படி அழுவார் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அழுதது இரும்புக்கல்ல. இனி அவள் ஓட்ட, அவர் பின்னால் படுத்துத் தூங்கப்போவதில்லை. அது முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த பந்தய ஞாயிறு காரை டிரெய்லரில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் நின்றாள். போனுக்குள் தங்கை.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் குனிங்க. அவரைப் பாக்காதீங்க, டயரைப் பாருங்க."

"கல்யாணமான நாள்லேருந்து அவரைப் பாத்தே பழகிடுச்சும்மா. இரு, குனியறேன்."

பச்சை விளக்கு எரிந்தது. கிளச்சை விட்டார். தடதடப்பு இல்லை, குதிப்பு இல்லை. இரண்டு கைகளால் யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் கார் போனது. ஸ்டீயரிங்கை அவர் அசைக்கவே தேவையில்லாமல் கால் மைலும் முடிந்தது. பக்கத்துக் கார் எங்கே என்று திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஓர் ஓட்டம் ஓடியதில்லை.

திரும்பி வந்ததும் மனைவி போனை நீட்டினாள். தங்கையின் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா! ரெண்டு டயரும் ஒண்ணா அமுங்குச்சு, அப்படியே பிடிச்சுடுச்சு. வலது பக்கம்கூட அசையல. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லண்ணா!"

"அப்படியா?"

"நிஜம்மா. சரி, வெக்கட்டுமா? பையனை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

முன்பெல்லாம் ஓர் ஓட்டத்தைப் பற்றி அவர்கள் அடுத்த ஞாயிறு வரைக்கும் பேசுவார்கள். ஜெயித்த மனிதர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தார். வெல்டர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். யார் யாரோ கை கொடுத்தார்கள். சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல என்ற சொல்தான் காதில் நின்றது. குறை இருந்தவரை அவள் இருந்தாள்.

எழுந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். மேல் பார் இரண்டையும் கழற்றி, முன்முனையை ஓர் ஓட்டை கீழே இறக்கி மாட்டினார்.

"அதான் நல்லாப் போச்சே, மறுபடி எதுக்குங்க கையை வெக்கறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா பாக்கலாம்னு. அவளைக் கூப்பிடு. இன்னும் ஒரே ஒரு ஓட்டம்னு சொல்லு."

இந்த முறை காரின் பின்பக்கம் வெடுக்கென்று எழும்பியது. டயர் ஒரு கணம் பிடித்துவிட்டு உதறிக்கொண்டு சுழன்றது. புகை மேகத்துக்குள் அவர் நின்றிருக்க, தோட்டக்காரர் ஒருவர் ஓட்டி வந்த சின்னக் கார் நிதானமாக ஜெயித்துவிட்டுப் போனது. சுற்றி நின்றவர்கள் 'அச்சச்சோ' என்றார்கள். லிஃப்ட்காரரோ மனைவி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு காரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

மனைவி போனைக் கொடுத்தாள்.

"மேல் பாரை யார் இறக்கினது?" என்றாள் தங்கை.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பின்பக்கம் சட்டுன்னு எழும்பி, டயரை அழுத்திட்டு உடனே விட்டுடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. தானா இறங்காதுண்ணா அது. போல்ட்டைக் கழட்டி மாட்டினாத்தான் இறங்கும்."

வலியில்லாத காலை நொண்டிக் காட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவளிடம் எதை மறைக்க?

"நான்தான் இறக்கினேன்."

"எதுக்கு?"

"எல்லாம் சரியாப் போச்சுன்னா, எங்கிட்டப் பேசறதுக்கு உனக்கு அப்புறம் என்ன இருக்கு?"

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்துவிட்டது. போனில் அவள் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று மனைவி எட்டிப் பார்த்தாள். சிக்னல் இருந்தது. தங்கையின் பக்கத்திலிருந்து பையனின் குரல் கேட்டது, நேரமாகிவிட்டது என்று அம்மாவை அவசரப்படுத்தியது.

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நீச்சல் நாளைக்குப் போகலாம்டா. மாமா வண்டியில வேலை இருக்கு."

பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள். "அண்ணி, போனை வண்டிக்கு அடியில காட்டுங்க. அண்ணா, படு. முதல்ல வலது பக்கம்."

லிஃப்ட்காரர் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். மனைவி தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனை நீட்டிப் பிடித்தாள். இரண்டு போல்ட்டைக் கழற்றி ஓர் ஓட்டை மேலே மாட்டுவது, கையில் வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவர் முதலில் ஸ்பேனரைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. போல்ட்டைக் கழற்றித் துணியால் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தார்.

"அவசரமில்லண்ணா," என்றாள் தங்கை. "மெதுவாவே பண்ணு."